சீன எழுத்துக்கலை: எலும்புக் கீறலிலிருந்து தூரிகை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன காலிகிராபி என்றதும் தூரிகையும் கறுப்பு மையும்தான் நினைவுக்கு வரும். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது, எப்போது கலையானது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஷாங் அரசர் காலத்தில் தொடங்கி டாங் வம்சத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பிந்தைய சோங், மிங், சிங் காலங்கள் தனிக் கதை.

கிடைத்தவற்றில் மிகப் பழைய சீன எழுத்து எது?

குறி கேட்கும் எலும்புகளில் உள்ள எழுத்து. ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகரம் இருந்த இடம் இன்றைய ஹெனான் மாகாணத்து அன்யாங். அங்கே கி.மு. 1250 வாக்கில் அரசர் வூ டிங் காலத்திலிருந்து ஆமையின் வயிற்று ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். எலும்பின் பின்பக்கம் சிறு குழிகள் குடைந்து, அதில் நெருப்புச் சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்துத்தான் பலன் சொல்வது. என்றைக்குக் கேட்டது, யார் கேட்டது, என்ன கேட்டது என்பதையெல்லாம் விரிசலுக்குப் பக்கத்திலேயே கீறி வைத்தார்கள்.

கேட்டவை எல்லாம் ராஜ்ஜிய விவகாரம் என்று நினைக்க வேண்டாம். மழை வருமா, வேட்டை அமையுமா, அரசருக்குப் பல்வலி எதனால் என்றெல்லாம் இருக்கும். வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவ் பிரசவம் பற்றிய ஒரு எலும்பு பிரபலம். பிரசவம் நல்லபடி ஆகுமா என்று கேள்வி. கூடவே பிறகு நடந்ததும் பதிவாகியிருக்கிறது: நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய புலம்பல், நமக்கும் பழகிய புலம்பல்தான்.

இந்த எலும்புகளை யார் கண்டுபிடித்தது?

1899-இல் பெய்ஜிங்கில் வாங் யீரோங் என்ற அதிகாரி இவற்றில் உள்ளது பழைய எழுத்து என்று அடையாளம் கண்டார். அதுவரை விவசாயிகள் தோண்டியெடுத்த எலும்புகள் 'டிராகன் எலும்பு' என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் போய் இடித்துப் பொடியாக்கப்பட்டு வந்தன. எத்தனை வாசகங்கள் கஷாயமாகிப் போயிற்றோ! மறு ஆண்டே பாக்ஸர் கலவரத்தின்போது அயல்நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்த சமயத்தில் வாங் யீரோங் தற்கொலை செய்துகொண்டார். முறையான அகழாய்வு 1928-இல் அன்யாங்கில் தொடங்கியது. 1936-இல் ஒரே குழியில் 17,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன.

எலும்பில் கத்தியால் கீறினார்கள் என்றால், தூரிகை அதற்குப் பிறகு வந்ததா?

இல்லை. இது பலருக்கும் வரும் குழப்பம். சில எலும்புகளில் செந்தூர நிறத்திலும் கறுப்பிலும் தூரிகையால் எழுதி, கீறாமலே விட்ட எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. போதாததற்கு, தூரிகையைக் கையில் பிடித்திருப்பதுபோன்ற ஒரு வடிவமே அந்த எழுத்துகளில் ஒன்று. மூங்கில் பட்டைகளைக் கயிற்றால் கோத்த ஏட்டைக் காட்டும் எழுத்தும் இருக்கிறது. அன்றாட எழுத்து மூங்கிலில் தூரிகையால் நடந்திருக்கிறது. மூங்கில் மக்கிப் போயிற்று, எலும்பு மிஞ்சிற்று, அவ்வளவுதான்.

கத்தியும் தன் பங்குக்கு எழுத்தை மாற்றியது. எலும்பில் வட்டம் கீறுவது கஷ்டம். அதனால் வட்டமாக இருக்க வேண்டிய சூரியன் மூலை மடங்கிய பெட்டியாகிவிட்டது. சில எலும்புகளில் நெடுக்குக் கோடுகள் மட்டும் இருக்கும், குறுக்குக் கோடுகளைக் காணோம். முதலில் நெடுக்காக எல்லாவற்றையும் கீறிவிட்டு, எலும்பைத் திருப்பி மற்றவற்றைக் கீறலாம் என்று விட்டிருக்கிறார்கள். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

வெண்கலப் பாத்திரங்களில் உள்ள எழுத்து எந்த வகை?

ஷாங் காலத்திலேயே உண்டு, அடுத்து வந்த சோவ் வம்சத்தில் பெருகியது. வெண்கலத்தில் எழுத்தைப் பெரும்பாலும் வெட்டவில்லை, வார்த்தார்கள். ஈரக் களிமண் அச்சில் எழுத்தை வடிப்பது எலும்பைக் கீறுவதைவிட எளிது. அதனால் இந்த எழுத்துகள் உருண்டு திரண்டு, தூரிகைக் கோட்டின் கனத்தோடு இருக்கும். தைபேயில் உள்ள 'மாவ் கோங் டிங்' என்ற முக்காலிப் பாத்திரத்தின் உட்புறத்தில் மட்டும் சுமார் 500 எழுத்துகள்.

இந்த நீண்ட எழுத்து மரபின் மொத்தப் பெயர்தான் முத்திரை எழுத்து, சீனத்தில் ஜுவான்ஷூ. இன்றும் சீனாவில் முத்திரை வெட்டுபவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எழுத்தை ஒன்றாக்கியது சின் பேரரசர்தானே?

கி.மு. 221-இல் மற்ற ஆறு நாடுகளும் சின் ஆட்சிக்குள் வந்தபோது, நாட்டுக்கு நாடு வேறுபட்ட எழுத்துகளை ஒழித்து ஒரே வடிவத்தை நிறுவினார்கள் என்பது சரி. முதல் அமைச்சர் லீ ஸுவின் பெயர் இதோடு சேர்ந்தே வரும். அந்த வடிவம் சிறு முத்திரை எழுத்து: ஒரே கனமான கோடு, இருபுறமும் சமம், நெட்டையான உருவம். கி.மு. 219-இல் பேரரசர் ஏறிய தை மலையில் இந்த எழுத்தில் கல்வெட்டு வைத்தார்கள். அதிலும், அவர் மகன் காலத்தில் சேர்த்த பகுதியிலிருந்து பத்தே எழுத்துகள்தான் இப்போது மிச்சம்.

ஆனால் இந்த அழகான எழுத்தில் ஒரு அரசாங்கத்தை நடத்த முடியுமா? வரிக்கணக்கு, வழக்கு விவரம், தானியக் கிடங்கு இருப்பு எல்லாவற்றையும் வளைவு வளைவாக வரைந்துகொண்டிருந்தால் எப்போது வேலை முடியும்? அங்கேதான் குமாஸ்தாக்கள் வருகிறார்கள். என்னைக் கேட்டால், சீன எழுத்துக்கலையின் உண்மையான கதாநாயகர்கள் இவர்கள்தான்.

குமாஸ்தாக்கள் என்ன செய்தார்கள்?

வளைவை நிமிர்த்தினார்கள், சுழியை உடைத்தார்கள், இரண்டு கோட்டை ஒன்றாக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிஷூ, அதாவது குமாஸ்தா எழுத்து. சிறையில் கிடந்த செங் மியாவ் என்பவர் உட்கார்ந்து யோசித்து இதை உருவாக்கினார் என்று பழைய கதை ஒன்று உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மண்ணுக்கடியில் கிடைத்த சான்று வேறு மாதிரி.

1975-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர் ஷீ என்ற உள்ளூர் அரசு ஊழியர், சின் காலத்தவர். சவப்பெட்டிக்குள்ளேயே 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள். பெரும்பாலும் சட்டம், வழக்கு நடத்தும் முறை, நிர்வாக விதிகள். மனிதர் போகும்போதும் ஆபீஸ் ஃபைலோடு போயிருக்கிறார். அந்தப் பட்டைகளில் இருப்பது அரசாங்கம் நிறுவிய சிறு முத்திரை அல்ல, வேகமாகத் தூரிகை ஓடிய ஆரம்பகாலக் குமாஸ்தா எழுத்து. மலைமேல் பேரரசர் கல்லில் ஓர் எழுத்தை வெட்டிய அதே காலத்தில் கீழே அலுவலகங்களில் இன்னோர் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தனி மனிதர் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை, ஆயிரம் கைகளின் அவசரம் சேர்ந்து செய்த வேலை.

இவர்களுக்குத் 'கத்தியும் தூரிகையும் பிடித்த குமாஸ்தாக்கள்' என்றே பெயர். கத்தி எழுதுவதற்கு அல்ல, பிழை வந்தால் மூங்கிலைச் சுரண்டி அழிப்பதற்கு.

மேலிருந்து கீழாக எழுதியது ஏன்?

எலும்புக் காலத்திலேயே அந்த வழக்கம் இருக்கிறது. மூங்கில் பட்டை அதை உறுதியாக்கியிருக்க வேண்டும். பட்டை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இராது, நீளம் சின்னுக்குப் பின் வந்த ஹான் வம்சக் காலத்து அடிக்கணக்கில் ஒரு அடி, நம் கணக்கில் 23 சென்டிமீட்டர். ஒரு பட்டைக்கு ஒரு வரி என்று கீழ்நோக்கி எழுதிப் பட்டைகளைக் கோத்துச் சுருட்டி வைப்பார்கள்.

குமாஸ்தா எழுத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காண முடியுமா?

சுலபம். எழுத்து குட்டையாக, பக்கவாட்டில் விரிந்து உட்கார்ந்திருக்கும். முக்கியமான கிடைக்கோட்டை மட்டும் கவனியுங்கள்: தொடக்கம் உருண்டிருக்கும், முடிவு மேல்நோக்கி வீசி எழும். பட்டுப்புழுத் தலை, காட்டு வாத்து வால் என்று இதைச் சொல்வார்கள். ஓர் எழுத்தில் ஒரு வால்தான் வரலாம், இரண்டு கூடாது என்பது ஒழுங்கு. அவசரத்தில் பிறந்த எழுத்துக்கும் பிற்பாடு இலக்கணம் வந்துவிட்டது.

பிந்தைய ஹான் காலத்தில் இதுவே கல்வெட்டுக்கும் ஏற்ற எழுத்தானது. கி.பி. 175 முதல் 183 வரை லுவோயாங்கில் பேரரசுக் கல்விக்கூடத்துக்கு வெளியே கன்பூசிய நூல்களை 46 கற்களில் வெட்டி நிறுத்தினார்கள். பிழையில்லாத மூலம் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்பது நோக்கம். பார்க்கவும் படியெடுக்கவும் வந்தவர்களின் வண்டிகள் தினம் ஆயிரத்துக்கு மேல் நின்று தெருவையே அடைத்தன என்று வரலாற்று நூல் சொல்கிறது. பணக்காரர்கள் கல்லறைக்குக் கல் நாட்டும் ஆடம்பரமும் இதே காலத்தில் எல்லை மீறிப்போய், 205-இல் அப்போது அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தளபதி சாவ் சாவ் அதற்குத் தடையே போட்டார்.

எழுதுவது கலையாக மாறியது எப்போது?

இதற்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நடந்து முடிந்துவிட்டது என்பதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. சாட்சி சொல்பவர் அதை ரசித்தவர் அல்ல, திட்டியவர். அவர் ஜாவ் யீ.

குமாஸ்தா எழுத்தை இன்னும் வேகமாக எழுதியதில் சாவ்ஷூ, அதாவது ஓட்டெழுத்து வந்தது. ஜாங் ஜி என்பவர் அதில் பேர்பெற்றவர். குளக்கரையில் எழுதி எழுதித் துணியையும் தூரிகையையும் அலசியதில் குளத்துத் தண்ணீரே கறுத்துவிட்டது என்று கதை சொல்வார்கள். ஊர் இளைஞர்கள் அவரைப் பார்த்து ஓட்டெழுத்துப் பைத்தியம் பிடித்து அலைய, ஜாவ் யீ கோபத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பத்து நாளைக்கு ஒரு தூரிகை தேய்கிறது, மாதத்துக்குச் சில மை உருண்டைகள் கரைகின்றன, சட்டைக் கழுத்தும் கையும் கறுப்பு, உதடும் பல்லும் கறுப்பு என்கிறார். நாலு பேர் கூடியிருக்கும் இடத்திலும் பேச்சு கிடையாது. விரலால் தரையில் கிறுக்குகிறார்கள், குச்சியால் சுவரில் கீறுகிறார்கள். தோல் உரிந்து, நகம் உடைந்து, ரத்தம் வந்தும் விடுவதில்லை.

அவருடைய வாதமும் லேசானதல்ல. இந்த எழுத்து நேரத்தை மிச்சப்படுத்த வந்தது. இப்போது என்னவென்றால், கடிதத்தில் 'அவசரமாக இருப்பதால் ஓட்டெழுத்தில் எழுத நேரமில்லை' என்று எழுதுகிறார்கள்! இதனால் உத்தியோகம் கிடைக்குமா, தேர்வுக்கு உதவுமா, நாட்டுக்கு ஏதாவது நன்மையா என்று கேட்கிறார்.

ஒன்றுமில்லைதான். எந்தப் பயனும் இல்லாமல் நகம் உடைய எழுதினார்களே, அதைக் கலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? புகழ்ந்து எழுதியவர்கள் பின்னால் நிறைய வந்தார்கள். அந்தக் கறுத்த உதட்டைக் கண்முன் நிறுத்தியவர் இந்த எதிரிதான்.

தூரிகை, மை, காகிதம் எல்லாம் அப்போது எப்படி இருந்தன?

தூரிகையைக் கண்டுபிடித்தவர் சின் தளபதி மெங் தியான் என்பது கட்டுக்கதை. 1954-இல் சாங்ஷாவில் அவருக்கு முந்தைய காலத்துக் கல்லறை ஒன்றில் தூரிகையே கிடைத்தது. முயல் முடியைத் தண்டின் நுனியைச் சுற்றி வைத்துப் பட்டு நூலால் கட்டி அரக்கு பூசியிருந்தார்கள். மை, பைன் மரப் புகைக்கரியோடு விலங்குப் பசை சேர்த்துச் செய்தது. ஹான் காலத்தில் அது சிறு உருண்டையாக இருக்கும், கல்லில் வைத்து நசுக்கி நீர்விட்டுக் குழைப்பார்கள்.

காகிதத்துக்கு 105-ஆம் ஆண்டில் சாய் லுன் பெயரைச் சொல்வது வழக்கம். அவருக்கு முந்தைய காகிதத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன, அவர் செய்தது தரத்தை உயர்த்தியது என்று கொள்ளலாம். எழுத்துக்கலைக்கு அது தந்தது இடம். மூங்கில் பட்டையில் கை புரள வழியில்லை. காகிதத்தில் ஒரு கோடு நீளலாம், அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு ஓடலாம், மை தீரும்வரை இழுக்கலாம்.

ஐந்து வகை எழுத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையா?

பாடப்புத்தகப் பட்டியல் அப்படித்தான் தோற்றம் தரும்: முத்திரை, குமாஸ்தா, திருந்திய எழுத்து, நடையெழுத்து, ஓட்டெழுத்து. ஆனால் ஓட்டெழுத்து, இன்று அச்சில் பார்க்கும் திருந்திய எழுத்துக்கு (கைஷூ) முன்பே வந்துவிட்டது. திருந்திய எழுத்தைக் கலைத்து வேகமாக எழுதியதுதான் ஓட்டெழுத்து என்று நினைப்பது தவறு. இரண்டுக்கும் தாய் குமாஸ்தா எழுத்து. கைஷூவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் வெய் அரசின் அமைச்சர் ஜோங் யாவ் (151–230). நடையெழுத்து இரண்டுக்கும் நடுவே.

பெயர் தெரிந்த ஒரு கலைஞரின் கையாலேயே காகிதத்தில் எழுதப்பட்டு இன்றுவரை இருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது லூ ஜி (261–303) எழுதிய ஒரு சிறு கடிதம். நண்பரின் உடல்நிலை பற்றியது, ஒன்பதே வரி. தேய்ந்த மொட்டைத் தூரிகையால் எழுதியதுபோல் இருக்கும். இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில்.

வாங் ஷீஜிக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெயர்?

303-இல் பிறந்தவர் என்பது பரவலான கணக்கு. பெரிய குடும்பம், பெரிய பதவிகள். 353-ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவ்ஷிங் அருகே லாந்திங் என்ற இடத்தில் நண்பர்கள் நாற்பது பேருக்கு மேல் கூடினார்கள். வளைந்தோடும் நீரில் மதுக்கோப்பையை மிதக்க விடுவது விளையாட்டு. கோப்பை யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். வராவிட்டால் அபராதமாகக் குடிக்க வேண்டும். அந்தக் கவிதைகளுக்கு வாங் ஷீஜி அங்கேயே ஒரு முன்னுரை எழுதினார்: 28 வரி, 324 எழுத்து. இடையில் விட்டுப்போன இரண்டு எழுத்துகளை ஓரத்தில் செருகியிருக்கிறார், சிலவற்றை அடித்து மேலேயே திருத்தியிருக்கிறார். 'ஜி' என்ற ஒரு சாதாரண எழுத்து ஏறத்தாழ இருபது இடத்தில் வருகிறது, இடத்துக்கு இடம் வடிவம் வேறு.

குறை கண்டுபிடிக்க முடியாத எழுத்து என்பதால் அல்ல, மேசைமேல் கிடந்த முதல்படி என்பதால்தான் இது இவ்வளவு நேசிக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

அந்த அசல் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. வாங் ஷீஜியின் கைப்பட்ட ஒரு காகிதம்கூட இன்று இல்லை.

டாங் பேரரசர் தைசோங்குக்கு வாங் ஷீஜி எழுத்தென்றால் உயிர். லாந்திங் முன்னுரை பியான்சாய் என்ற முதிய துறவியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டார், துறவியோ இல்லவே இல்லை என்று சாதித்தார். ஷியாவ் யீ என்ற அதிகாரி சாதாரணப் பயணிபோலப் போய், துறவியோடு பழகி, காய் விளையாட்டும் மதுவுமாக நெருங்கி, கடைசியில் அதைப் பார்த்துவிட்டு நைசாகத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று டாங் காலக் கதை. 649-இல் பேரரசர் இறந்தபோது அசலும் அவரோடு கல்லறைக்குப் போனது என்கிறார்கள்.

நல்ல வேளை, அதற்கு முன் அரண்மனை ஆட்களை வைத்துப் பிரதி எடுத்திருந்தார். அசல்மேல் காகிதத்தை வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கோட்டின் இரு விளிம்பையும் நுண்ணிய தூரிகையால் வரைந்து, பிறகு உள்ளே மையால் நிரப்புவார்கள். ஃபெங் செங்சு எடுத்ததாகச் சொல்லப்படும் பிரதியில் தூரிகை முடி பிளந்து இரட்டைக் கோடாக விழுந்த இடம்கூட அப்படியே பதிவாகியிருக்கிறது.

மொத்தமும் பிற்காலப் போலி என்றும் சொல்கிறார்களே?

1965-இல் வரலாற்றறிஞர் குவோ மோருவோ அந்தக் குண்டைப் போட்டார். நான்ஜிங்கில் வாங் ஷீஜியின் உறவினர் கல்லறைக் கல் கிடைத்தது. அதன் எழுத்து குமாஸ்தா வாடை வீசும் விறைப்பான எழுத்து. அந்தக் காலத்தில் லாந்திங் போன்ற எழுத்து எப்படி இருந்திருக்கும் என்பது அவர் கேள்வி. பெரிய சண்டையே நடந்தது. கல்லில் வெட்டுவது வேறு, கடிதம் எழுதுவது வேறு என்ற மறுப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. 1909-இல் லூலான் பாலைவனப் பகுதியில் கிடைத்த லீ போ என்ற அதிகாரியின் கடித வரைவுகள் அதே நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் நடையெழுத்து தாராளமாக ஓடுகிறது.

பெண்கள் யாரும் இல்லையா?

வாங் ஷீஜிக்கே கற்றுக்கொடுத்தவர் வெய் அம்மையார் (272–349). புள்ளி என்பது உயரத்திலிருந்து விழும் கல், கிடைக்கோடு என்பது ஆயிரம் காதம் நீளும் மேகம் என்று கோடுகளின் வலுவை விளக்கும் ஒரு சிறு நூல் அவர் பெயரில் வழங்குகிறது.

டாங் காலத்தில் புதிதாக என்ன நடந்தது?

கைஷூ உச்சம் தொட்டது. ஓவ்யாங் ஷுன் 632-இல் எழுதிய ஜியூசெங் அரண்மனைக் கல்வெட்டைப் பார்த்து இன்றும் மாணவர்கள் பழகுகிறார்கள். ஒரு வேடிக்கையான வேலையும் நடந்தது. காஞ்சிபுரம் வரை வந்து போன யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளுக்குத் தைசோங் ஒரு முன்னுரை எழுதினார். அதை வாங் ஷீஜி எழுத்தில் வெட்ட வேண்டும், ஆனால் அவர் இறந்து மூன்று நூற்றாண்டு ஆகிவிட்டதே? ஹுவாய்ரென் என்ற துறவி கிடைத்த கடிதங்களிலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்து, 672-இல் கல்லில் ஏற்றி முடித்தார்.

சீன மொழி தெரியாமல் இதை ரசிக்க முடியுமா?

முடியும். ஓவியமாகப் பார்க்காதீர்கள், கை போன வழியைத் தேடுங்கள். வலது மேல்மூலையில் தொடங்கிக் கீழே வாருங்கள். எங்கே மை ஈரமாக இருக்கிறது, எங்கே வறண்டு நாராகிறது, எங்கே மறுபடி தோய்த்திருக்கிறார் என்று பாருங்கள்.

பழக நல்ல எடுத்துக்காட்டு, யான் ஜென்சிங் 758-இல் தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கு எழுதிய இரங்கலுரையின் வரைவு. டாங் ஆட்சிக்கு எதிராகத் தளபதி ஆன் லுஷான் தொடங்கிய கலகத்தில் அந்தப் பையன் கொல்லப்பட்டு, தலை மட்டும் மீட்கப்பட்டது. முதல் வரிகள் நிதானமாக, தேதியும் பதவிப் பெயர்களுமாகப் போகின்றன. சாவைச் சொல்லும் இடம் நெருங்க நெருங்க அடித்தலும் திருத்தலும் கூடுகின்றன. மை தீர்ந்தும் தூரிகையைத் தோய்க்காமல் வறண்ட கோடாகவே பல எழுத்துகளை இழுத்துக்கொண்டு போகிறார். ஒரு வார்த்தை படிக்கத் தெரியாதவருக்கும் எங்கே உடைகிறார் என்பது தெரியும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

கல்வெட்டுகளுக்கு ஷியான் நகரத்து 'கல் வனம்' அருங்காட்சியகம். ஹுவாய்ரென் சேர்த்த கல் அங்கேதான். காகிதத்துக்குப் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகமும் தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகமும். யான் ஜென்சிங்கின் வரைவு தைபேயில். 2019-இல் அது டோக்கியோவுக்குக் கடனாகப் போனதற்கே சீனாவிலும் தைவானிலும் பெரிய எதிர்ப்பு. பழைய காகிதம் என்பதால் இவற்றை எப்போதும் வெளியே வைப்பதில்லை. சில வாரம் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். டிக்கெட் போடுமுன் கண்காட்சிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.